எடை சரியாக இருக்கிறது, ரிப்போர்ட் ஏன் சரியில்லை?

படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 41 வயது. சொந்த ஊர் தேவிபட்டினம், வேலை ராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகம், நாள் முழுக்கக் கோப்பும் கணினியும்தான். உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் வந்த எண்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 228, எச்டிஎல் ('நல்ல' கொழுப்பு) 36, ரத்த அழுத்தம் 134/86, இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ. ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் ஆரம்பக் கட்டக் கொழுப்பு. "எல்லாம் பார்டர்தான் சார், பார்த்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதைப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவர் கேள்வி. ஒல்லியாகத்தானே இருக்கிறேன், அப்பா கடலுக்குப் போனவர், எழுபது வயதுவரை மாத்திரை தொட்டதில்லை, எனக்கு மட்டும் எப்படி என்றும் கேட்கிறார். மனைவிக்குப் பிள்ளைப்பேற்றின்போது சுகர் இருந்து, பிறகு சரியாகிவிட்டதாம். அவரும் ஏதாவது பார்க்க வேண்டுமா என்பது கூடுதல் கேள்வி.

இந்தக் கரையில் பொதுமருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் என் பதில் இது. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்டர் என்று மடித்து வைக்க முடியாது. ஒவ்வொரு எண்ணையும் தனியாக எடுத்தால் கொஞ்சம்தான் கூடுதல் குறைவு. அதனால் முகாமில் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. சேர்த்து வைத்துப் பார்த்தால் கதை வேறு. உலக அளவிலான நீரிழிவு, இதயநல அமைப்புகள் கூடி 2009-ல் ஒத்துக்கொண்ட ஐந்து அளவுகள் இருக்கின்றன. இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டால் ஒன்று. டிரைகிளிசரைடு 150 தொட்டால் ஒன்று. எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போனால் ஒன்று. ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130-ஐயோ கீழ் எண் 85-ஐயோ எட்டினால் ஒன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 தொட்டால் ஒன்று. ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுப்பு என்கிறோம். உங்களுக்கு ஐந்தும் இருக்கின்றன. இந்த நிலையில் உள்ளவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் ஐந்து மடங்கு, மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்பது மருத்துவ உலகில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

இனி அந்த 'ஒல்லியாகத்தானே இருக்கிறேன்'. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்ணான பிஎம்ஐ உங்களுக்கு 22.8. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுக்குள்ளேயே நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் பிஎம்ஐ-க்கு எலும்பு எது, தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2 சதவீதம்! நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருக்கும்போதே கொழுப்பு வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி, குடலைச் சுற்றிப் போய்ச் சேரும். 2023-ல் வெளியான, ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற பெயரில் நடந்த நாடு தழுவிய நீரிழிவு ஆய்விலும் இதே கதைதான். பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம் பேருக்கு, வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு. எடை மெஷின் கண்ணில் படாத கூட்டம் அவ்வளவு பெரியது.

அதனால் வீட்டில் எடை மெஷின் வாங்குவதற்கு முன் தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். அளக்கும் முறை முக்கியம். "என் பேண்ட் சைஸ் 34தான் டாக்டர்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பேண்டை நாம் எங்கே போடுகிறோம்? தொப்பைக்குக் கீழே, இடுப்பெலும்பில் தொங்கும்படி. தொப்பை எவ்வளவு வளர்ந்தாலும் பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டு அதே 34-ல் நிற்கும். டேப்பை வைக்க வேண்டிய இடம் அதற்கு மேலே. விலா எலும்பின் கடைசி விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பை இன்னொரு விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப். சட்டை இல்லாமல், நின்றபடி, சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது (எல்லோரும் இழுப்பார்கள், நர்ஸ் பெண் எதிரே நின்றால் இன்னும் அதிகமாக). 90 செ.மீ. என்பது ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம்.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பது தானாகப் புரியும். மதியம் சாப்பிட்ட சோறு குளுக்கோஸாக ரத்தத்துக்கு வருகிறது. அதை வாங்கிக்கொள்ள உடம்பில் இருக்கும் பெரிய இடம் தசை, அதிலும் தொடையும் கெண்டைக்காலும் பிட்டமும். தசை அசையும்போது இன்சுலின் தயவு இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். உட்கார்ந்தே கிடக்கும் தசை அவ்வளவாக வாங்காது. மிச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, அதுதான் ஸ்கேனில் வந்த கிரேடு 1. மீதியை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் இறங்கும். கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காது. ராத்திரி நீங்கள் தூங்கும்போது அது பாட்டுக்குச் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், காலையில் 108 வருகிறது. ஐந்து எண்களும் ஒரே கோளாற்றிலிருந்து வருபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை என்று ஓடுவதற்கு முன் இதை மனதில் வையுங்கள்.

அப்பா விஷயம். தேவிபட்டினத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படகைத் தள்ளி இறக்குவது, வலையை இழுப்பது, கரையில் மீன் கூடையைத் தூக்குவது, வெயிலில் வலையைக் காயவைத்து மடிப்பது. அவர் சாப்பிட்ட சோறு உங்கள் சோற்றைவிடக் குறைவாக இருந்திருக்காது, கூடவே இருந்திருக்கும். ஆனால் கடலோடி என்பதற்காக எவருக்கும் விதிவிலக்கு கிடையாது. இன்றைக்கு விசைப்படகில் போகிறவர்களும், ஐஸ் கம்பெனிக்காரர்களும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த கீழக்கரை, தொண்டிக்காரர்களும் சுகர் மாத்திரையோடு என்னிடம் வருகிறார்கள். அப்பாவுக்கு இல்லை என்பதை மட்டும் வைத்து உங்கள் ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவர் எழுபதுவரை ரத்தப் பரிசோதனையே செய்யாமலும் இருந்திருக்கலாம். இந்த ஊரில் அதுவும் சகஜம்.

வேலையின் தன்மைதான் வித்தியாசம் என்பதை முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரி மாரிஸ். 1953-ல் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வருமானம். உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநருக்கு மாரடைப்பு அதிகம், மாடி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கும் நடத்துநருக்குக் குறைவு. நம் அலுவலகத்தில் மேஜையை விட்டு எழாத கண்காணிப்பாளரும், கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியே கதி என்றிருக்கும் அலுவலக உதவியாளரும் போல. மூன்று வருடம் கழித்து மாரிஸ் இன்னொன்று செய்தார். இருவருக்கும் தைத்துக் கொடுத்த சீருடை பேண்ட்டின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிது, வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கிறது. ஆகவே நாற்காலி மட்டுமே குற்றவாளி என்று அடித்துச் சொல்ல முடியாது. அதை மறைக்காமல் எழுதியதால்தான் எனக்கு மாரிஸ் மேல் மரியாதை. அதற்குப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் அசைவின் பங்கை உறுதிசெய்துவிட்டன.

இப்போது உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பைக், பத்து மணிக்கு நாற்காலி, பதினொன்றுக்கு டீயும் வடையும், ஒன்றரைக்குச் சாப்பாடு, மறுபடி நாற்காலி, நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும். பரமக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ தினமும் வந்து போகும் சகாக்களுக்கு இன்னும் மோசம். மதுரைக்காரருக்கு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை பத்துக்கு. இதில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரையிலான நேரம். பெரிய சாப்பாடும் நீண்ட உட்காரலும் ஒன்றாகச் சேரும் இடம் அதுதான்.

2012-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். இனிப்பும் கொழுப்பும் கலந்த பானம் ஒன்றைக் குடித்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்த நாளையும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்த நாளையும் ஒப்பிட்டார்கள். நடந்த நாளில் ரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. வேர்க்க விறுவிறுக்க நடக்கவில்லை. அதனால் சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் வராந்தாவிலோ மரத்தடியிலோ மெல்ல நடங்கள். பிறகு நாலு மணிவரை அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்திருங்கள். போன் வந்தால் நின்றபடி பேசுங்கள். கோப்பை நீங்களே பக்கத்துப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். டீயை மேஜைக்கு வரவழைக்காமல் கடைக்குப் போய்க் குடியுங்கள். 'சார் எதுக்கு எழுந்து வர்றீங்க' என்று பியூன் பதறுவார், ஒரு வாரத்தில் பழகிவிடும். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டேன், அப்புறம் எட்டு மணி நேரம் அசையாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். காலை நடை நல்லதுதான், ஆனால் அது மட்டுமே மதியச் சோற்றைக் கவனித்துக்கொள்ளாது.

காலை நடையையும் விட வேண்டாம். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வேகநடை என்பது கணக்கு. சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் ஆறு மணிக்கே கூட்டம் இருக்கும். சித்திரை வைகாசியில் ஏழு மணிக்கு மேல் இந்த ஊரில் நடக்கச் சொல்வது அநியாயம், ஐந்தரைக்குக் கிளம்புங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவையே ஆரம்பத்துக்குப் போதும். மெலிந்த உடம்புக்காரருக்குத் தசை சேர்ப்பதுதான் எடை குறைப்பதைவிட முக்கியம்.

"குறைக்க எனக்கு எடையே இல்லையே, அப்புறம் என்ன பலன்?" என்று கேட்கலாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்கு நேரடி பதில். 531 பேர், பெரும்பாலும் நிறுவனங்களில் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தினர், எல்லோருக்கும் உங்களைப்போல் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எதுவும் செய்யாத குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளியானார்கள். உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். 2006-ல் வெளியான அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போனது.

சாப்பாடு. டிபன் கேரியரைத் திறந்து பாருங்கள், மூன்று அடுக்கில் இரண்டு சோறாக இருக்கும். ஒரு கப் சோற்றில் நாற்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து. மூன்று கப் என்றால் ஒரே வேளையில் 120 தாண்டும். சோற்றை ஓர் அடுக்காக்கி, காலியான அடுக்கில் காய் வையுங்கள். நம் பக்கம் காய் பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து வர வேண்டும், விலையும் கூடுதல், மீன் குழம்பு இருக்கும் நாளில் காய் எதற்கு என்ற எண்ணமும் உண்டு. கடலோர வீடுகளின் தட்டில் பெரிய ஓட்டை இதுதான். முருங்கைக்கீரைக்காவது பஞ்சமில்லையே.

மீன் உங்கள் பக்கம் நிற்கும் பொருள். வஞ்சிரம் தேட வேண்டாம், சாளையிலும் நெத்தலியிலும் உள்ள கொழுப்பு இதயத்துக்கு நல்லது. குழம்பாகச் சாப்பிடுங்கள், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்ததைத் தள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறியதும் வீடுகள் கருவாட்டுக்கும் பிராய்லர் கோழிக்கும் மாறிவிடும். நாட்டுப்படகு மீன் அப்போதும் கரைக்கு வருகிறது. கருவாடு உப்பு மூட்டை. ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றினாலும் முழுதாகப் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்புதான். 134/86 உள்ளவர் கருவாட்டோடு அப்பளத்தையும் ஊறுகாயையும் சேர்க்கக் கூடாது.

டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு நாலு டீ என்றால் சுமார் 40 கிராம். ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சல்தான் வரும், அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். "கருப்பட்டி போட்டுக்கலாமா?" என்பது இந்த மாவட்டத்தில் தினமும் வரும் கேள்வி. சாயல்குடிக் கருப்பட்டியின் ருசிக்கு நான் எதிரி இல்லை, ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை வெள்ளைச் சர்க்கரைக்குச் சொந்தத் தம்பி. பதநீரும் இனிப்புப் பானம்தான். நுங்கு பரவாயில்லை. கீழக்கரைத் தொதல் இனிப்பு வந்தால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள், டப்பாவை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பங்கு வையுங்கள். ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்பதிலும் ஏமாற வேண்டாம். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சோற்றுக்குக் குறைந்ததில்லை. கோதுமையோ அரிசியோ, அளவுதான் கணக்கு.

மதுப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டிரைகிளிசரைடு 228-க்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். ஞாயிறு ராத்திரி குடித்துவிட்டுத் திங்கள் காலை ரத்தம் கொடுத்தால் எண் எகிறும். புகை இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்துங்கள். பலமான குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறும் இந்த எண்களைக் கூட்டும்.

அடுத்து என்ன பரிசோதனை? ரத்த அழுத்தத்தை மாடி ஏறி வந்த மூச்சோடு பார்த்திருந்தால் அது கணக்கில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேஜையில் வைத்து, வேறு வேறு நாட்களில் பாருங்கள். 140/90-க்குக் கீழே நின்றால் பெரும்பாலும் உப்பும் நடையும் போதும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றில் 108 காட்டுபவருக்கு இதில் 200-க்கு மேல் வருவதும் உண்டு, வந்தால் அது சர்க்கரை நோய். 140-லிருந்து 199 என்றால் முந்தைய நிலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5 தொட்டால் நோய். முகாம் ரிப்போர்ட்டில் எல்டிஎல் ('கெட்ட' கொழுப்பு) எழுதவில்லை, அதையும் தைராய்டையும் பாருங்கள். கொழுப்புக்கு மாத்திரை வேண்டுமா என்பதை எல்டிஎல்லையும் உங்கள் மற்ற நிலைமையையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப எடுங்கள். முதலில் இறங்குவது டிரைகிளிசரைடாக இருக்கும், எச்டிஎல் ஏறச் சோம்பல்படும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

எங்கே போவது என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் பார்க்கிறார்கள், மருந்தும் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், ஆனால் பகலில் அவர்கள் கதவைத் தட்டும்போது நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள். அலுவலக ஊழியர் இந்தத் திட்டத்தின் கண்ணில் படாமலே போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு நாள் அரை நாள் லீவு போடுவதில் தவறில்லை.

மனைவி விஷயத்தைக் கடைசியில் வைத்தேன், ஆனால் அவசரத்தில் அது உங்களுடையதற்குக் குறைந்ததில்லை. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் வந்த சுகர் பிரசவத்தோடு இறங்குவது வழக்கம். இறங்கியதும் எல்லோரும் மறந்துவிடுகிறோம், தடுப்பூசி அட்டை குழந்தையின் பெயருக்கு மாறியதும் தாயை யாரும் கேட்பதில்லை. அப்படி வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல். பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை, அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை என்று குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் இப்போது செய்யுங்கள். எச்பிஏ1சி மட்டும் எடுத்து முடிவு செய்ய வேண்டாம். ரத்தசோகை நம் பெண்களிடம் அதிகம், இரும்புச்சத்துக் குறைந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். டேப்பை அவரிடமும் கொடுங்கள், அவருக்கு எல்லை 80 செ.மீ. இரண்டு பேரும் ஒரே நாள் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள். குளுக்கோஸ் குடித்தபின் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆளுக்கொரு நாள் என்று வைத்தால் ஒருவர் கட்டாயம் தள்ளிப்போட்டுவிடுவார்.